ஆடி பதிமூன்று

மாடம்பாக்கம்
6.10.2025, இரவு 12.40

அன்புள்ள தம்பி அருணுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் பேனாவைக் கையில் எடுத்தால் மிருதுளா பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள். பதினாறு மாதக் குழந்தைக்கு எழுத்தின் மீது இவ்வளவு பற்று. இப்போதுதான் தூங்கினாள். உன் மச்சானுக்கு இந்த மாதமும் நைட் ஷிப்ட்.

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுத வேண்டும், அதுதான் முறை. சௌக்கியம் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? மலை அடிவாரம் என்கிறார்களே, கொசு கடிக்கிறதா? கடிக்கட்டும்.

அருண், எனக்கு நிஜமாகவே புரியவில்லை. இருபத்தெட்டு வயது. நிஷாவை நீயே பார்த்தாய், நீயே பேசினாய், நீயே சரி என்றாய். நிச்சயம் முடிந்து மூன்று மாதம். தை பத்தாம் தேதிக்கு மண்டபம் சொல்லியாகிவிட்டது. ‘ரெண்டு நாள் தியான வகுப்பு’ என்று பையைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலைப் பக்கம் போனவன், திரும்பி வருவதற்குப் பதில் ஒரு கார்டு போடுகிறாய். இனி இங்கேயே இருப்பேன், போனை ஒப்படைத்துவிட்டேன், தேடி வர வேண்டாம். மூன்று வரி. பால்காரனுக்கு இதைவிட நீளமாகச் சீட்டு எழுதி வைப்போம்.

உன் மச்சான் பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே வந்ததை உனக்குச் சொன்னார்களா? ஆறு மாதத்துக்கு யாரையும் பார்க்க அனுமதி இல்லை, கடிதம் வேண்டுமானால் எழுதலாம் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் காலேஜ் பரீட்சைக்குப் பிறகு முதல் தடவையாக இவ்வளவு நீளமாகக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அம்மா நினைக்கிறாள். நிஷாவின் அம்மா தினமும் போன் செய்கிறார். நிஷா செய்யவில்லை. ஒரே ஒரு நாள் நேரில் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “என்கிட்ட ஏதாவது குறையாக்கா?” என்று கேட்டாள்.

அம்மா இன்னொரு பக்கம் குழந்தைக்குக் குன்றத்தூர் கோயிலில் மொட்டை போடவில்லை என்று உயிரை எடுக்கிறாள். முதலில் பல் வரட்டும் என்றேன், அப்புறம் வெயில் என்றேன், இப்போது மழை என்கிறேன். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படி மொட்டை போடுவது என்று நீ புதிதாக ஒரு காரணம் கொடுத்திருக்கிறாய். அதற்கு மட்டும் உனக்கு நன்றி.

காரணத்தை எழுது.

உன் அக்கா,
ஜோதி

*

ஆசிரமம்
17.10.2025

அன்புள்ள சகோதரிக்கு,

குருவருளால் நலமாக உள்ளேன். நீங்கள் அனைவரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

இங்கே அதிகாலை மூன்றரைக்கு எழுந்து குளிர்ந்த நீரில் குளிக்கிறோம். உப்பு, புளி, வெங்காயம் இல்லாத ஒருவேளை உணவு. மனம் கட்டுப்படுகிறது. உடலில் வீணாகும் சக்தியை மேலே ஏற்றுவதே மனிதப் பிறவியின் பயன் என்று குருஜி உபதேசிக்கிறார். இல்லறம் என் பாதை அல்ல என்று தெளிந்துவிட்டேன்.

நிஷாவிடம் எந்தக் குறையும் இல்லை. குறை என்னுடையது. அதைக் கடிதத்தில் எழுத இயலாது.

தைப்பூசத்தன்று எனக்குத் தீட்சை. குடும்பத்தாரின் சம்மதப் படிவம் தபாலில் வரும். அம்மாவோ நீயோ கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்.

மிருதுளா நடக்கிறாளா?

இப்படிக்கு,
அருண்ராஜ்

*

மாடம்பாக்கம்
2.11.2025

அருண்,

சகோதரியாமே. கோபம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவாய், காரியம் ஆக வேண்டுமென்றால் அக்கா என்பாய். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் நான் உனக்குச் சகோதரியாக இருந்ததில்லை. உப்பைக் குறைத்தால் இப்படியும் ஆகுமா?

உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. ஒருவேளைச் சோறு என்று நீயே எழுதிவிட்டாய். அம்மாவுக்கு அந்த வரியை மட்டும் படித்துக் காட்டவில்லை.

மிருதுளா நடக்கிறாள். நேராக உன் ரூம் வாசலுக்கு நடந்து போய்க் கதவைத் தட்டுகிறாள். யாரும் திறப்பதில்லை என்று இன்னும் அவளுக்குப் புரியவில்லை.

தீபாவளிக்கு நிஷா அப்பா வந்தார். ஸ்வீட் பாக்ஸை டேபிளில் வைத்துவிட்டு, பொங்கல் வரைக்கும் பார்ப்போம், அதற்கு மேல் பெண்ணை நிறுத்தி வைக்க முடியாது என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குறை உன்னுடையது என்றால் என்ன குறை? வேறு பெண்ணா? வியாதியா? ஆணா? அதையும் சொல்லு, நான் மயக்கம் போட்டு விழமாட்டேன். மைக்ரோபயாலஜியில் எம்.எஸ்சி. முடித்தவளிடம் எழுத முடியாத குறை என்று உலகத்தில் என்னடா இருக்கிறது?

படிவம் வரட்டும். வந்தால் மிருதுளாவிடம் கொடுக்கிறேன், கடிக்கட்டும்.

அக்கா

*

ஆசிரம அலுவலகம்
12.11.2025

மதிப்பிற்குரிய திருமதி ஜோதிலட்சுமி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இல்லத்தில் அனைவரும் நலமென நம்புகிறேன்.

சாதகர்களுக்கு வரும் கடிதங்களை அலுவலகத்தில் படித்துப் பார்த்த பிறகே வழங்குவது இங்குள்ள நடைமுறை. தங்களது இரண்டாவது கடிதம் சாதகரின் மனத்தைக் கலைக்கக்கூடிய சில கேள்விகளைக் கொண்டிருந்தது. இம்முறை வழங்கிவிட்டேன். இனி நலம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சம்மதப் படிவம் இணைத்துள்ளேன். மார்கழி முடிவதற்குள் அனுப்பி உதவவும்.

தங்கள்,
தோத்தாத்ரி
காரியதரிசி

*

மாடம்பாக்கம்
20.11.2025, இரவு 1.15

அன்புள்ள அருணுக்கு, இதைப் பிரித்துப் படிக்கும் தோத்தாத்ரி சாருக்கும்,

இருவரும் நலமா? சார், இந்தக் கடிதம் உங்கள் நடைமுறைக்கு ஒத்துவராது. இருந்தாலும் முழுக்கப் படியுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.

நாலு நாளாக விடாத மழை. உன் ரூமில் ஜன்னல் பக்கம் ஒழுகுகிறது. கட்டிலை நகர்த்தி, அலமாரியைக் காலி செய்தேன். துணிகளுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை. உள்ளே இரண்டு லேகிய டப்பா, ஒரு பொட்டலம் சூரணம், ஒரு நோட்டீஸ். தாம்பரம் ஸ்டேஷன் சப்வே சுவரில் சின்ன வயதிலிருந்து நாம் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் திருப்பிக்கொண்ட அதே நோட்டீஸ். மாதம் ஒருமுறை லாட்ஜில் முகாம், கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி, ஆண்மை இழப்பு, இளைஞர்களே கவலை வேண்டாம். உன் பெயர் எழுதிய சீட்டு, மூன்று முகாமுக்கு.

இதுவா அருண்? இதற்காகவா?

நான் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா அந்தப் பக்கம் வந்து டப்பாவைப் பார்த்து, “அட, இன்னும் ரெண்டு டப்பா கீதா?” என்றாள். விசாரித்தால், மூன்றாவது டப்பாவை நீ போன மறுநாளே உன் மேஜையில் பார்த்து எடுத்துக்கொண்டுபோய், ஏதோ உடம்புக்கு நல்லது என்று தினம் காலையில் ஒரு ஸ்பூன் சாப்பிட்டிருக்கிறாள். முட்டி வலி குறைந்திருக்கிறதாம். அந்த வைத்தியரிடம் இதைச் சொல்லு, அடுத்த நோட்டீஸில் போட்டுக்கொள்வார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் பொத்தேரியில் உன் காலேஜுக்குப் போனேன். உன்னோடு ஹாஸ்டலில் இருந்த எபி இப்போது அங்கேதான் லேபில் வேலை பார்க்கிறான் இல்லையா, அவனைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். பாவம், டீயை மேலே ஊற்றிக்கொண்டான். அக்கா இதெல்லாம் நீங்க கேட்கலாமா என்று பத்து நிமிஷம். அப்புறம் அவனாகவே அவன் கதையைச் சொன்னான். பி.ஜி. படிக்கும்போது சர்ச்சில் வாலிபர் ரிட்ரீட் போனானாம். இந்தப் பாவத்தை இனிச் செய்யமாட்டேன் என்று எல்லாரையும் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம். ஒரு வாரத்தில் உடைந்துவிட்டது. கார்டை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்து, அது மேடமிடம் போய், மேடம் கார்டை உள்ளேயே வைத்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். இன்றைக்கும் அந்த மேடம் எதிரில் வந்தால் இவன் மாடிப்படி ஏறிவிடுவானாம்.

நீ மட்டும் ரூமில் யாரோடும் இதைப் பேசியதே இல்லை, யாராவது ஜோக் அடித்தால் எழுந்து போய்விடுவாய் என்றான். ஒரு துளி போனால் எண்பது துளி ரத்தம் போகும் என்று எங்கேயோ படித்துவிட்டு அரண்டுபோய் இருந்தாயாம். அருண், அந்தக் கணக்கு நிஜமானால் பொத்தேரி ஹாஸ்டல் வாசலில் எப்போதும் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். ஒரு துளி ரத்தமும் போகாது. நரம்பும் தளராது. குழந்தை பிறப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இது நான் படித்த படிப்பு, லாட்ஜில் படித்ததில்லை.

உங்களுக்காவது சுவர் முழுக்க எழுதி வைத்துப் பயமுறுத்த ஆள் இருக்கிறது. பெண்களுக்கு அந்தப் பாவத்துக்கு ஒரு பெயர்கூட யாரும் வைக்கவில்லை. நாங்கள் எந்த லாட்ஜுக்கும் போகவில்லை, எந்த மலைக்கும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கும், போய் அணைத்துவிட்டு வருவோம். அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதினால் தோத்தாத்ரி சார் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

ஒன்றுதான் புரியவில்லை. அந்தப் பையின் அடியில், பிளாஸ்டிக் கவரில் மடித்து, தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாள் இருந்தது. ஆடி பதிமூன்று. ரெண்டு வருஷத்துக்கு முந்தைய தாள். அது எதற்கு?

பதில் எழுது. படிவம் ஃப்ரிட்ஜ் மேலே கிடக்கிறது. கையெழுத்து ஆகவில்லை.

அக்கா

*

ஆசிரமம்
1.12.2025

ஜோதி,

நலம்.

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது தோத்தாத்ரி ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை. இருபது பேர் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் வைத்துக் கொடுத்தார். உனக்கு எல்லாம் வேடிக்கை. எபியிடம் போய்க் கேட்டிருக்கிறாய். அடுத்து யாரிடம் கேட்பாய், கறிகாய்க் கடையிலா?

நரம்பு, ரத்தம் என்று எனக்குப் பாடம் எடுக்காதே. நான் ஓடிவந்தது அதற்காக அல்ல. நான் யாருடைய வீட்டிலும் இருக்கத் தகுதியில்லாதவன். என்னால் ஒரு வீட்டுக்கு நடந்தது போதும், இன்னொரு வீட்டுக்கு நடக்க வேண்டாம்.

அந்தத் தாளைக் கிழித்துப் போடு. இனி எழுதாதே.

அருண்

*

மாடம்பாக்கம்
16.12.2025

அருண்,

உடம்பைப் பார்த்துக்கொள். பனி அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். ஸ்வெட்டர் அனுப்பினால் கொடுப்பார்களா?

இருபது பேர் முன்னால் கொடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அது என் தப்பு. மற்றதெல்லாம் உன் தப்பு.

தாளைக் கிழிக்கவில்லை. மறுநாள் ஆடி பதினாலு, அப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன். பதினைந்து, அப்பா இல்லை. அந்தத் தேதியை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? அந்த வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ நினைப்பதைவிட நன்றாக.

பதிமூன்றாம் தேதி என்ன நடந்தது?

அம்மா நேற்றும் மொட்டையைப் பற்றி ஆரம்பித்தாள். மார்கழியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறேன்.

ஜோதி

*

ஆசிரம அலுவலகம்
22.12.2025

மதிப்பிற்குரிய அம்மா,

நலம். தாங்களும் குழந்தையும் நலமென நம்புகிறேன்.

நவம்பர் 20ஆம் தேதிக் கடிதத்தைத் தாங்கள் சொன்னபடியே முழுக்கப் படித்தேன். இரண்டு முறை. உணவுக்கூடத்தில் வைத்து அதைக் கொடுத்தது என் பிழை, மன்னிக்கவும். எனக்கு அறுபத்தெட்டு வயது. இந்த விஷயத்தைப் பற்றி ஒரு பெண் எழுதியோ, ஒருவர் சிரித்துப் பேசியோ நான் கண்டதில்லை. எனக்கும் இருபது வயதில் யாராவது இப்படி எழுதியிருக்கலாம்.

டிசம்பர் கடிதத்தைப் பிரிக்காமலேயே தம்பியிடம் சேர்த்துவிட்டேன். படிவத்திற்கு அவசரம் இல்லை.

தோத்தாத்ரி

*

27.12.2025

அக்கா,

இதை ஆபீஸ் வழியா அனுப்பலை. காலையில பால் வாங்க என்னைத்தான் பஸ் ஸ்டாப்புக்கு அனுப்புறாங்க. அங்க டீக்கடை வச்சிருக்கிற கங்கம்மாகிட்ட கவரும் பேனாவும் வாங்கி, பெஞ்சுல உட்கார்ந்து எழுதுறேன். பத்து நிமிஷம்தான் இருக்கு. நல்லாத்தான் இருக்கேன். இளைச்சிருக்கேன்னு கங்கம்மா ஒரு பன்னைக் குடுத்துத் திட்டுறாங்க.

அப்பா ஆபரேஷனுக்காகக் குன்றத்தூர் முருகனுக்கு ஒரு மண்டலம் விரதம் இருந்து, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறேன்னு நான் வேண்டிக்கிட்டது உனக்குத் தெரியும். மாலை போட்டேன். தரையில படுத்தேன். நாற்பது நாள் வரைக்கும் சுத்தமா இருந்தேன், சத்தியமா. காலேஜ் நாள்லேர்ந்து இருந்த பழக்கம், நாற்பது நாள் விட்டுட்டேன்.

ஆடி பதிமூணு ராத்திரி, விடிஞ்சா ஆபரேஷன். வீட்ல நான் தனியா இருந்தேன். அம்மா ஆஸ்பத்திரியில. நீ சமைச்சு வச்சிட்டு, அப்ப இருந்த உன் வாடகை வீட்டுக்குப் போயிட்ட. பயம். தூக்கமே இல்லை. மாலையைக் கழட்டி ஆணியில மாட்டினேன். அவ்வளவுதான் எழுத முடியும். அப்புறம் தலைக்குக் குளிச்சிட்டு திரும்ப எடுத்துப் போட்டுக்கிட்டேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி.

காலையில ஸ்ட்ரெச்சர்ல கொண்டுபோகும்போது அப்பா என் கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்தாரு. “விரதம்லாம் சுத்தமா கீறியா நைனா?”ன்னு கேட்டாரு. “இருக்கேன்ப்பா”ன்னேன். அதுதான் நான் அவர்கிட்ட கடைசியா பேசினது.

இதை நான் யார்கிட்ட சொல்ல முடியும்? காவடி எடுக்கலை, அப்பாவே போயிட்டாருன்னு எல்லாரும் விட்டுட்டீங்க. நிஷாவைப் பார்த்தப்ப எல்லாம் மறந்த மாதிரி இருந்துச்சு. நிச்சயம் ஆன மறுநாள் அவ அப்பா லேசா நெஞ்சு வலின்னாரு. கேஸ் ட்ரபிள்தான். ஆனா எனக்கு, இதுவும் என்னாலதான்னு தோணிடுச்சு. அப்புறம்தான் அந்த லாட்ஜுக்குப் போனேன். பழக்கத்தை ஒழிக்கணும்னு. அதுவும் முடியலை, இங்க வந்தேன்.

அக்கா, இங்கயும் முடியலை. மூணரை மணிக்குக் குளிச்சும் முடியலை. அதான் உண்மை. இருபது பேர்ல எத்தனை பேர் என்னை மாதிரின்னு எனக்குத் தெரியாது. யாரும் பேசறதில்லை.

அப்பாவை நான்தான் கொன்னேன். அம்மாகிட்ட சொல்லிடாத.

பதில் எழுதினா, கங்கம்மா, டீக்கடை, பஸ் ஸ்டாப் எதிரில்னு போடு.

அருண்

*

மாடம்பாக்கம்
3.1.2026, இரவு 2.10

அன்புள்ள அருணுக்கு,

மறுபடியும் நடுராத்திரிதான். மன்னித்துக்கொள். உன் கடிதம் மூன்று நாள் முன்பே வந்துவிட்டது. மூன்று நாளும் எழுத உட்கார்ந்து, எழுந்து போய்விட்டேன். குழந்தைக்கு லேசாகச் சளி. அம்மா நலம், லேகியத்தை நிறுத்தியும் நலமாகவே இருக்கிறாள். கங்கம்மாவிடம் சொல்லு, பன்னோடு ஒரு முட்டையும் கொடுக்கச் சொல்லி. நீ சாப்பிடமாட்டாய், தெரியும்.

நான் உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். மூன்று மாதமாகச் சேர்த்து வைத்தது நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை உன் மச்சானிடம்கூட நான் சொன்னதில்லை.

அம்மா அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் உன் விரதச் சாப்பாட்டை நான்தான் வந்து சமைத்தேன். தலைக்குக் குளித்து, ஈரத்துணியோடு, தனி அடுப்பு, தனிப் பாத்திரம். சாமிக்கு விளக்கு ஏற்றி, படைத்துவிட்டு உனக்கு வைப்பேன். ஆடி பதினொன்றாம் தேதி காலையில் எனக்கு மாதத் தூரம் வந்துவிட்டது. அஞ்சு நாள் முன்னாடியே.

நான் என்ன செய்வேன் சொல்லு. வேறு யார் இருந்தார்கள்? வெளியே வாங்கிச் சாப்பிட உனக்கு விரதத்தில் முடியாது. அம்மாவைக் கூப்பிட்டால் அப்பாவோடு யார் இருப்பார்கள்? யாரிடமும் சொல்லாமல் சமைத்தேன். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. விளக்கும் ஏற்றினேன். நீ கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டாய், ரசம் நல்லா இருக்கு என்று சொன்னாய். பதினாலு காலையில் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நானும் நின்றேன், ஞாபகம் இருக்கிறதா? குன்றத்தூர் விபூதி. அப்பா நெற்றியில் பூசியது யாருடைய கை? என் கை.

எம்.எஸ்சி. படித்தவள். கர்ப்பப்பைக்கும் ஹார்ட் வால்வுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியாதா? பகலில் தெரியும். ராத்திரி தெரியாது. உனக்கு அவ்வளவு பெரிய பாடம் எடுத்தேனே, அந்தக் கடிதத்தை எழுதி முடித்து ஒட்டிய பிறகு, என் பாடம் எனக்கு ஏன் உதவவில்லை என்று உட்கார்ந்துகொண்டிருந்தேன். மிருதுளா பிறந்தபோது அவளுக்கு இரண்டு நாள் மஞ்சள் காமாலை இருந்தது இல்லையா, எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான். நான் எதைப் பற்றி நினைத்தேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

பல், வெயில், மழை, மார்கழி. எல்லாம் பொய். எனக்குக் குன்றத்தூர்ப் படிக்கட்டில் கால் வைக்கப் பயம். குழந்தையை அங்கே கொண்டுபோகப் பயம். அவ்வளவுதான் அருண்.

இப்போது நீயே சொல்லு. நீ விரதத்தை உடைத்தது பதிமூன்று ராத்திரி. நான் பதினொன்று காலையிலேயே உடைத்தாயிற்று. நீ உடைக்கும்போது அங்கே உடைவதற்கு ஒன்றும் மிச்சமே இல்லை. அப்படியானால் அப்பாவைக் கொன்றது யார்? நானா? உன் கையால் எழுதிக் கொடு, ‘அக்கா, நீதான்’ என்று. எழுத முடிந்தால் நீ அங்கேயே இரு, நான் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன். எழுத முடியாதென்றால், நான் இல்லையென்றால், நீயும் இல்லை. எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள உன்னை விடமாட்டேன்.

பத்தில் நாலு பேர்தான் பிழைப்பார்கள் என்று டாக்டர் முன்கூட்டியே நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். ரயில்வே சிக்னல் ரூமில் முப்பது வருஷம் அப்பா பிடித்த பீடிக்கு யாரும் விரதம் இருக்கவில்லை. அதையெல்லாம் நாம் இரண்டு பேருமே மறந்துவிட்டோம். ரெண்டு கல்யாணம் செய்துகொண்ட சாமி, பயத்தில் தூக்கம் வராத ஒரு பிள்ளையையும் அடுப்படியில் நின்ற ஒரு பெண்ணையும் பார்த்துவிட்டு அப்பாவை எடுத்துக்கொண்டது என்று நினைத்தோமே, அதுதான் அந்தச் சாமிக்கு நாம் செய்த பெரிய குற்றம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. நாளைக்கு ராத்திரி எப்படித் தோன்றுமோ தெரியாது.

ஆடி பதிமூன்றைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லமாட்டேன். ஆனால் பழக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். லேகியம் எதற்கு என்று கேட்டுக் குடைந்துகொண்டே இருந்தாள், வேறு வழி இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். “இதுக்கா ஓடினான்?” என்றாள். பிறகு ஒரு கட்டு முழுக்க ஆய்ந்து முடித்தாள். கடைசியில், “அந்த ஃபாரத்த எடுத்துனு வந்து குப்பையில போடு” என்று சொல்லிவிட்டுக் கீரையைக் கழுவப் போனாள். நான் போடவில்லை. உன் பதிலுக்காக வைத்திருக்கிறேன்.

நிஷாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. பொங்கலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். கல்யாணம் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் வந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அவள் இன்னமும் தன்னிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டு நீ மூன்றரை மணிக்குக் குளிப்பதில் என்ன புண்ணியம்? பழக்கம் போகவில்லை என்றால் போகவில்லை. அதோடு வா. அதை வெளியே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

அப்புறம் குன்றத்தூர். மொட்டை போட மாமன் மடி வேண்டும். முதல் படியில் எனக்கும் பயம், உனக்கும் பயம். குழந்தையை நீ தூக்கிக்கொள், நான் உன் சட்டையைப் பிடித்துக்கொள்கிறேன். மேலே போய் உட்கார்ந்த பிறகு அழுதால், மொட்டை போடும்போது குழந்தை அழுகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள், யார் அழுகிறார்கள் என்று யாரும் கவனிக்கப்போவதில்லை.

மிருதுளா புரண்டு படுக்கிறாள். மூக்கு அடைத்திருக்கிறது, எழுந்துவிடுவாள். நிறுத்துகிறேன்.

சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா,
ஜோதி